கரையும் சைட்டோகைன் வாங்கிகள்: எண் ஒத்துவராதபோது எங்கே தேடுவது

சைட்டோகைன் என்பது கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதம்; வாங்கி என்பது அதைப் பிடிக்கும், கலத்தின் மேற்பரப்பிலுள்ள புரதம். நோயெதிர்ப்புக் கலம் தன் சைட்டோகைன் வாங்கிகளை வெளியே விடுவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. அடாம்17, அடாம்10 போன்ற, நாகம் கொண்ட நொதியங்கள் வாங்கியின் வெளிப்பகுதியை மென்சவ்வுக்குச் சற்று மேலே வெட்டிவிடலாம். ஆர்என்ஏயை வெட்டி ஒட்டும் கட்டத்திலேயே மென்சவ்வில் பதியும் பகுதியை விட்டுவிட்டு, கரையும் வடிவத்தைக் கலம் நேரடியாகச் சுரக்கலாம். அல்லது வாங்கி முழுசாகவே நுண்கொப்புளத்தில் ஏறி வெளியே போகலாம். எலைசா (பிறபொருளெதிரியால் பிடித்து, நிறமாற்றத்தால் புரதத்தின் அளவைக் காட்டும் சோதனை) மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். ஆகவே அந்த எண் கலத்திலிருந்துதான் வந்ததா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். எந்த வழியால் வந்தது என்பது அதற்குப் பிறகு.

மனிதக் குருதியிலிருந்து வெண்குழியங்களைப் பிரித்து, மில்லிலீற்றருக்கு 10 இலட்சம் கலம் என்ற அடர்த்தியில் தூண்டி, மேல்திரவத்தை (கலங்கள் அடியில் இறங்கியபின் மேலே நிற்கும் திரவத்தை) எலைசாவால் அளப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. இலங்கை மலையகத்தில் நுவரெலியா, தலவாக்கலை, அட்டன் பக்கம் வேலை செய்வோருக்குக் கூடுதலாகச் சில தலைவலிகள் உண்டு. கிட் தயாரித்தவர்கள் கடல் மட்டத்தையும் 20–25 பாகை செல்சியஸ் அறையையும் மனதில் வைத்தே செய்முறைத் தாளை எழுதுகிறார்கள். கண்டியிலும் பேராதனையிலும் அந்தத் தொல்லை குறைவு.

தேடத் தொடங்குமுன் பல சிறு குழிகள் கொண்ட எலைசாத் தட்டில் இந்த ஆறும் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கலமே இல்லாத ஊடகம் (கலத்தை வளர்க்கும் திரவம்), 0 நிமிடத்தில் எடுத்த மேல்திரவம், தூண்டாத கலம், டிஎம்எஸ்ஓ (மருந்துகளைக் கரைக்கும் திரவம்) மட்டும் இட்ட கலம், பிஎம்ஏ (வெட்டலைத் தூண்டும் இரசாயனம்) இட்ட கலம், பிஎம்ஏயும் நிரோதியும் (வெட்டும் நொதியத்தைத் தடுக்கும் பொருளும்) இட்ட கலம். இதில் ஒன்று குறைந்தாலும் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைக்காது. தட்டைத் திரும்பப் போடுவதுதான் மலிவு.

தூண்டாத குழியிலேயே அளவு மேலே நிற்கிறது

முறைப்பாடுகளில் அதிகம் வருவது இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

கலமில்லாத ஊடகத்தின் எண்ணை முதலில் பாருங்கள். அதுவே உயர்ந்திருந்தால் வில்லன் ஊடகத்தில் சேர்த்த சீரம் (உறைந்த குருதியிலிருந்து பிரியும் திரவம்). நலமான மனிதரின் பிளாஸ்மாவில் கரையும் ஐஎல்-6 (இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன்) வாங்கி மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 25–75 நனோகிராம் இருக்கும். ஊடகத்தில் 10% மனித ஏபி குருதிவகைச் சீரம் சேர்த்தால், கலம் ஒன்றும் செய்யாமலே 2.5–7.5 நனோகிராம் வந்துவிடும். கலம் வெளியிடும் சிறு அளவு அதற்குள் மூழ்கிப்போகும். 4 மணிநேரத்துக்குட்பட்ட தூண்டலுக்குச் சீரமே வேண்டாம், 0.1–0.5% போவைன் அல்புமின் (மாட்டுக் குருதிப் புரதம்) போதும். நீண்ட வளர்ப்புக்கு மாட்டுக் கருச் சீரம் பாவிக்கலாம், ஆனால் அந்தக் குறிப்பிட்ட தயாரிப்புத் தொகுதியை (லொட்) உங்கள் கிட்டில் வெறுமையாக ஓட்டிப் பார்த்த பிறகு.

ஊடகம் சுத்தம், 0 நிமிட மாதிரி உயர்வு என்றால் கழுவல் போதவில்லை. பிளாஸ்மா கூடவே வந்திருக்கிறது. மூன்று முறை கழுவுங்கள். கடைசிக் கழுவலை மையநீக்கியில் 200 ஜி (புவியீர்ப்பின் 200 மடங்கு), 10 நிமிடம் என்று மெதுவாகச் சுற்றினால் குருதிச் சிறுதட்டுகளும் கழன்றுபோகும்.

0 நிமிடத்தில் தாழ்வு, பிறகு தூண்டாமலே ஏறுகிறது என்றால் கலம் ஏற்கெனவே தூண்டப்பட்டுவிட்டது. முதல் சந்தேகம் எண்டொடொக்சின் (எல்பிஎஸ்), அதாவது பக்டீரியாச் சுவரிலிருந்து வரும் நஞ்சு. ஒற்றைக்குழியங்கள் (மொனோசைட் என்னும் வெண்குழியங்கள்) மில்லிலீற்றருக்குச் சில பத்துப் பிக்கோகிராம் எல்பிஎஸ்ஸுக்கே விழித்துக்கொள்ளும். மலை ஊற்று நீரைக் காய்ச்சி வடித்துப் பாவிக்கும் இடங்களில், வடிநீர் தெளிவாக இருந்தாலும் சேமிப்புப் பாத்திரத்தின் சுவரில் பக்டீரியாப் படலம் பிடித்திருக்கும். சோதனை எளிது: ஒரே கலத்தை இரண்டு குழியில் போட்டு, ஒன்றில் மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் பொலிமிக்சின் பி (எண்டொடொக்சினைப் பிடித்து முடக்கும் மருந்து) சேருங்கள். அதில் மட்டும் அடிநிலை இறங்கினால் குற்றவாளி அகப்பட்டான். கரைசல்களை ஊசிமருந்துத் தரத் தண்ணீரில் புதிதாகத் தயாரியுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தை உலர் வெப்பத்தில் 250 பாகையில் 30 நிமிடம் சுட வேண்டும். ஒட்டோகிளேவ் (அமுக்க நீராவிக் கலன்) எண்டொடொக்சினை அழிக்காது. அதோடு, நுவரெலியாவில் அதன் அமுக்க மானி 15 பிஎஸ்ஐ காட்டும்போது உள்ளே 118 பாகையை ஒட்டித்தான் இருக்கும். வெளி அமுக்கம் குறைவு என்பதால் 121 பாகைக்கு மானியில் ஏறத்தாழ 18 பிஎஸ்ஐ வேண்டும். பாத்திரத்தின் பாதுகாப்பு வரம்பு அதற்கு இடம் கொடுக்காவிட்டால் நேரத்தைக் கூட்டுங்கள்.

எண்டொடொக்சின் இல்லையென்றால் கையாளுதலைப் பாருங்கள். நடுநிலைநாடிகள் (நியூட்ரோபில் என்னும் வெண்குழியங்கள்) தொட்டாற்சுருங்கிகள். வேகமாகப் பிப்பெட் செய்தல், செங்கலத்தை உடைக்க உப்புச்செறிவை ஏற்றி இறக்கல், பனிக்கட்டியில் வைத்துவிட்டுச் சடாரென்று 37 பாகைக்கு மாற்றல் என எதுவும் அவற்றை வெட்ட வைக்கும். தூண்டுவதற்கு முன்பே சிடி62எல்லுக்கு (வெண்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள ஒட்டும் புரதம்) சாயமிட்டு ஃப்ளோவில் (கலங்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) பாருங்கள். அதை வெட்டுவதும் அடாம்17தான், மிக விரைவாகவும் வெட்டும். தொடக்கத்திலேயே சிடி62எல் பாதியாகக் குறைந்திருந்தால் அன்றைய கலத்தை எறிந்துவிடுவது நல்லது.

கடைசியாக, இறப்பு. டிரைபன் நீலத்தில் (இறந்த கலத்தை மட்டும் நிறமாக்கும் சாயம்) 95% உயிருடன் இல்லாத கலத்தை நம்ப வேண்டாம். தானாக மடியும் நடுநிலைநாடி ஐஎல்-6 வாங்கியை அடாம்17ஆல் வெட்டி விடும். அதாவது, மேல்திரவத்தில் ஏறும் எண் உண்மையான வெட்டல்தான்; ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கான விடை அதில் இல்லை. நடுநிலைநாடியை 4 மணிநேரத்துக்கு மேல் வைத்து இந்த அளவீட்டைச் செய்யாதீர்கள்.

பிஎம்ஏ போட்டும் ஒன்றும் வெளிவரவில்லை

இங்கேயும் சிடி62எல்தான் நடுவர். மில்லிலீற்றருக்கு 100 நனோகிராம் பிஎம்ஏ, 37 பாகை, 15–30 நிமிடம். சிடி62எல் மறைந்துவிட்டால் நொதியம் வேலை செய்கிறது. நீங்கள் தேடும் வாங்கி அந்தக் கலத்தில் போதிய அளவு இல்லை. ஓய்விலிருக்கும் டி கலத்தில் ஐஎல்-2 வாங்கியின் அல்பாச் சங்கிலி சொற்பம். மில்லிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் பிஎச்ஏ (டி கலத்தைப் பெருகச் செய்யும் தூண்டி) கொடுத்து 48–72 மணிநேரம் வளர்த்த பிறகுதான் கரையும் வடிவம் நன்றாக ஏறும். ஒரு மணிநேரத்தில் அதை எதிர்பார்த்துத் தட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐஎல்-6 வாங்கிக்கு ஒற்றைக்குழியத்தையும் நடுநிலைநாடியையும் பாவியுங்கள். டிஎன்எஃப் (இன்னொரு சைட்டோகைன்) வாங்கி 2க்கு ஒற்றைக்குழியமும் தூண்டிய டி கலமும்.

சிடி62எல் அசையவே இல்லையென்றால் பிஎம்ஏ செத்துவிட்டது, அல்லது கலத்துக்குப் போய்ச் சேரவில்லை. மலையகத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டிஎம்எஸ்ஓ 18.5 பாகையில் உறையும். 14 பாகை மேசையில் வைத்த குப்பி வெளியே உருகினதுபோல் இருக்கும், அடியில் கட்டியாக நிற்கும். அதிலிருந்து உறிஞ்சினால் செறிவு என்னவென்று யாருக்கும் தெரியாது. பிஎம்ஏ, நிரோதி, அயனோமைசின் என்று டிஎம்எஸ்ஓவில் கரைத்த எல்லாவற்றையும் 37 பாகையில் 5 நிமிடம் வைத்து, நன்றாகச் சுழற்றி, ஒரு முறை மையநீக்கியில் சுருக்கமாகச் சுற்றிவிட்டுத்தான் பிப்பெட்டைத் தொட வேண்டும். மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் மூலக்கரைசலை ஒரே தாவலில் 10,000 மடங்கு ஐதாக்காதீர்கள்: 100 மடங்கு ஐதாக்கி 10 மைக்ரோகிராமாக்கி, அதிலிருந்து இன்னொரு 100 மடங்கு. இடைக்கரைசல் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரியுங்கள், வெளிச்சத்தில் வைக்காதீர்கள்.

வளர்ப்புத் தட்டை வெளியே எடுத்து ஒவ்வொரு குழியாக மருந்து போடும் பத்து நிமிடத்தில் குளிர்ந்த அறையில் ஊடகமும் குளிர்ந்துவிடும், வெட்டலும் மந்தமாகும். 37 பாகைச் சூட்டுத் தட்டின்மேல் வைத்து வேலை செய்யுங்கள்.

ஒருவரின் கலத்தில் மட்டும், அதுவும் டிஎன்எஃப் வாங்கி 1 மட்டும் கழலவில்லையென்றால் மரபணுவையும் நினைக்கலாம். அந்த வாங்கியின் மரபணுப் பிறழ்வால் மீண்டும் மீண்டும் காய்ச்சல் வரும் டிராப்ஸ் நோய் 1999இல் விவரிக்கப்பட்டபோது, வெட்டல் குறைவே காரணம் என்று கருதினார்கள். எல்லாப் பிறழ்வுக்கும் அது பொருந்தவில்லை. தவறாக மடிந்த வாங்கி கலத்துக்குள்ளேயே தேங்குவதும் சேர்ந்ததுதான் கதை. ஆனாலும் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத இந்த விளக்கத்துக்கு முன் டிஎம்எஸ்ஓ குப்பியைப் பாருங்கள்.

மேற்பரப்பில் குறைகிறது, மேல்திரவத்தில் ஏறவில்லை

முதலில் ஒரு கணக்கு. கலத்துக்கு 3,000 வாங்கி என்று வைத்துக்கொள்வோம். 10 இலட்சம் கலத்தில் 300 கோடி மூலக்கூறு. ஒவ்வொன்றும் 30 கிலோடால்டன் என்றால் மொத்தம் ஏறத்தாழ 150 பிக்கோகிராம். ஒரு மில்லிலீற்றரில் முழுவதும் கழன்றாலும் அதற்கு மேல் வராது. உங்கள் கிட்டின் கீழெல்லை 30 பிக்கோகிராம், நீங்கள் மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கியிருக்கிறீர்கள் என்றால் வெறுமை வருவதில் அதிசயம் இல்லை. அரை மில்லிலீற்றரில் 50 இலட்சம் கலம் என்று அடர்த்தியைக் கூட்டுங்கள், ஐதாக்காமல் போடுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் வரவில்லையென்றால் வாங்கி உள்ளே போயிருக்கலாம். டிஎன்எஃப்பைப் பிடித்த வாங்கி 1 கலத்துக்குள் இழுக்கப்படும். மென்சவ்வைத் துளையிட்டு உள்ளேயும் சாயமிடுங்கள்: மொத்தம் மாறாமல் மேற்பரப்பு மட்டும் குறைந்தால் உள்வாங்கல், மொத்தமும் குறைந்தால் வெட்டல் (அல்லது உள்ளே போய்ச் சிதைந்தது). தூண்டியாக டிஎன்எஃப்பையே பாவித்திருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது: சாயப் பிறபொருளெதிரி ஒட்டும் இடத்தை டிஎன்எஃப் மறைத்திருக்கலாம். டிஎன்எஃப்போடு போட்டியிடாத குளோனுக்கு (வேறு பிறபொருளெதிரி வகைக்கு) மாறினால் தெரிந்துவிடும்.

நிரோதி போட்டும் நிற்கவில்லை

முதலில் சின்னப் பிழைகளைக் கழித்துவிடுவோம். நிரோதி பிஎம்ஏக்கு 30 நிமிடம் முன்பே போயிருக்க வேண்டும்; சேர்த்துப் போட்டால் முதல் அலை வெட்டல் முடிந்துவிடும். நிரோதி டாபி-1 என்றால் 10–50 மைக்ரோமோலார், நீரில் ஐதாக்கியதை நாளைக்கு என்று எடுத்துவைக்கக் கூடாது. 10% சீரத்தில் அல்புமின் நிரோதியைப் பிடித்துக்கொள்ளும். டிஎம்எஸ்ஓ இறுதியில் 0.1%ஐத் தாண்டக் கூடாது.

அவை சரியென்றால் இனித்தான் சுவாரசியம். வேறு கத்தரிக்கோல் வேலை செய்கிறதா? பிஎம்ஏ புரதக் கைனேசு சி (கலத்துக்குள் சமிக்ஞை கடத்தும் நொதியம்) வழியாக அடாம்17ஐ எழுப்பும். 1 மைக்ரோமோலார் அயனோமைசின் கல்சியத்தை ஏற்றி அடாம்10ஐ எழுப்பும். தூண்டாத நிலையில் ஐஎல்-6 வாங்கி மெல்ல மெல்லக் கழல்வதில் அடாம்10க்குப் பங்குண்டு. நிரோதிகளில் ஜிஐ254023எக்ஸ் 1–3 மைக்ரோமோலாரில் அடாம்10ஐ மட்டும் தடுக்கும், செறிவைக் கூட்டினால் அந்த நுட்பம் போய்விடும். ஜிடபிள்யூ280264எக்ஸ் இரண்டையும் தடுக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் போடுங்கள். முதலாவதாலேயே நின்றால் அடாம்10. இரண்டாவதால் மட்டும் நின்றால் அடாம்17. உடலிலேயே உள்ள நிரோதிகளில் டிம்ப்-3 அடாம்17ஐத் தடுக்கும், டிம்ப்-1 தடுக்காது என்பதும் கைவசம் இருக்கட்டும்.

இரண்டாலும் நிற்கவில்லை, கலம் நடுநிலைநாடி, வாங்கி டிஎன்எஃப் 2 என்றால் எலஸ்டேசைப் பிடியுங்கள். துகள்களிலிருந்து வெளியாகும் இந்த நொதியம் வாங்கி 2ஐத் தானே வெட்டும். அது செரின் வகை. நாகத்தைக் குறிவைக்கும் எந்த நிரோதியும் அதைத் தொடாது. எலஸ்டேஸ் நிரோதியான சிவெலெஸ்டாட் 10 மைக்ரோமோலார் சேர்த்து ஒரு குழி போட்டால் விடை கிடைக்கும்.

வெட்டலே இல்லாமல் கலம் புதிதாகச் சுரப்பதாக இருந்தால் நேரம் காட்டிக்கொடுக்கும். வெட்டல் நிமிடங்களில் தொடங்கும். சுரப்பு மணிக்கணக்கில் சீராக ஏறும். மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைட் கொடுத்துப் புரத உற்பத்தியை நிறுத்தினால், முதல் ஒரு மணிநேர வெட்டல் பெரிதாகக் குறையாது, சுரப்பு அடங்கும். உறுதிப்படுத்த பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் முறை). ஐஎல்-6 வாங்கியின் கரையும் வடிவத்தில் மென்சவ்வுப் பகுதிக்கான 94 காரங்கள் (ஆர்என்ஏயின் எழுத்துகள்) விடுபட்டிருக்கும். அந்த இடத்தின் இரு பக்கமும் தொடக்கிகளை (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) வைத்தால் ஜெல்லில் இரண்டு பட்டைகள் தெளிவாகப் பிரியும். ஐஎல்-7 வாங்கியில் விடுபடுவது எக்சோன் 6 (மரபணுவின் ஆறாவது குறியீட்டுத் துண்டு).

நுண்கொப்புளம்தான் மிச்சம். வெட்டுண்ட டிஎன்எஃப் வாங்கி 1 வெஸ்டர்ன் பிளொட்டில் (புரதங்களைப் பருமன்படி பிரித்துக் காட்டும் முறை) 28–34 கிலோடால்டனில் நிற்கும், கொப்புளத்தில் வந்த முழு வாங்கி 55இல் நிற்கும். கலத்துக்குள் இருக்கும் வாலைப் பிடிக்கும் பிறபொருளெதிரி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது: மேல்திரவத்தில் வால் தெரிந்தால் அது வெட்டலில் வந்ததல்ல. அல்ட்ரா மையநீக்கி இருந்தால் 300 ஜி, 2,000 ஜி, 10,000 ஜி என்று படிப்படியாகத் துப்புரவாக்கி 100,000 ஜியில் ஒரு மணிநேரத்துக்கு மேல் சுற்றி அடிவண்டலைப் பாருங்கள். இல்லாவிட்டால் 100 கிலோடால்டன் வெட்டெல்லை கொண்ட வடிகட்டிக் குழாய் போதும். தனி வாங்கி கடந்துபோகும், கொப்புளம் மேலே தங்கும். 0.2 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் பயனில்லை, கொப்புளம் அதனூடாகப் போய்விடும். ஒரு எச்சரிக்கை: கரையும் ஐஎல்-6 வாங்கி, ஐஎல்-6ஐயும் கரையும் ஜிபி130ஐயும் (ஐஎல்-6 சமிக்ஞையில் பங்குள்ள இன்னொரு வாங்கி) சேர்த்துப் பிடித்திருந்தால் அந்தச் சேர்க்கையும் மேலே தங்கும்.

தட்டு முழுவதும் மங்கல், நியம வளையியும் சேர்த்து

நியமமே (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரியே) மங்கலாக இருந்தால் கலத்தைத் திட்ட வேண்டாம். அறை வெப்பமானியைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் நுவரெலியா அறை காலையில் 12–14 பாகையில் நிற்கும். பிறபொருளெதிரி ஒட்டுவதும் டிஎம்பி (எலைசாவின் நிறப்பொருள்) நீலமாவதும் மந்தமாகும். நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது தட்டுக்குத் தட்டு எண் மாறும். தட்டை 22–25 பாகை இன்கியூபேட்டரில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். ஊடகம், கழுவுகரைசல், டிஎம்பி எல்லாம் அதே வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தட்டின் ஈயத்தாள் உறையை அரை மணிநேரம் கழித்தே பிரியுங்கள். மழைக்காலத்தில் உடனே பிரித்தால் குழிக்குள் ஈரம் படியும்.

நியமம் நன்றாக இருந்து மாதிரிகள் மட்டும் மங்கினால், மாதிரியில் சோடியம் அசைட் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்வாங்கலைத் தடுக்க ஃப்ளோ கரைசலில் சேர்த்த 0.1% அசைட், கிட்டில் நிறத்தை உண்டாக்கும் பெரொக்சிடேஸ் நொதியத்தைக் கொல்லும். கிட் அல்கலைன் பொஸ்படேஸ் வகை என்றால் ஈடிடிஏ (உலோக அயன்களைப் பறிக்கும் பொருள்) அதே வேலையைச் செய்யும், அந்த நொதியத்துக்கும் நாகம் வேண்டும்.

ஐதாக்கினால் அளவு கூடுகிறது

மாதிரியை 2, 4, 8 மடங்கு ஐதாக்கிக் கணக்கிட்ட அளவு ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று வாங்கியை மறைக்கிறது. பெரும்பாலும் அதன் சொந்தச் சைட்டோகைன், அல்லது சீரத்தின் பொருட்கள். அளவு தட்டையாகும்வரை ஐதாக்குங்கள். பிளாஸ்மாவின் ஐஎல்-6 வாங்கிக்கு 100 மடங்கு நல்ல தொடக்கம். தெரிந்த அளவு நியமத்தைச் சேர்த்து அளந்தால் 80–120% திரும்பக் கிடைக்க வேண்டும்.

ஒருவருக்கு ஒருவர் இரண்டு மடங்கு வித்தியாசம்

ஐஎல்-6 வாங்கியென்றால் இது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். அதன் மரபணுவில் ஆர்எஸ்2228145 என்ற இடத்தில் 358ஆவது அமினோ அமிலம் அஸ்பார்டேட்டிலிருந்து அலனீனாக மாறியவர்களில் வெட்டல் எளிதாகும். இரு பிரதியும் அப்படியிருந்தால் பிளாஸ்மா அளவு ஏறத்தாழ இரட்டிக்கும். அந்த இடத்தை வகைப்படுத்தாமல் இரு குழுக்களை ஒப்பிடுவது சூதாட்டம்.

நோயாளர் மாதிரியில் கிரியேட்டினின் (சிறுநீரகச் செயலைக் காட்டும் அளவு) எழுதப்பட்டிருக்கிறதா? கரையும் டிஎன்எஃப் வாங்கிகளைக் குருதியிலிருந்து அகற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் கலம் கூடுதலாக வெட்டாமலே எண் ஏறும். எட்டனர்செப்ட் (மூட்டுவாத மருந்து) ஏற்றியவரில் டிஎன்எஃப் வாங்கி 2 எலைசா பொய் சொல்லும், அந்த மருந்தே வாங்கி 2தான். டொசிலிசுமாப் (ஐஎல்-6 வாங்கியைப் பிடிக்கும் மருந்து) ஏற்றியவரில் கரையும் ஐஎல்-6 வாங்கி பல மடங்கு குவியும்.

அதே முறை, கண்டியில் ஓர் எண், நுவரெலியாவில் இன்னோர் எண்

நுவரெலியாவின் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் வளி அமுக்கம் சுமார் 81 கிலோபாஸ்கல். நீராவியையும் கழித்தால், கடல் மட்டத்து 5% காபனீரொட்சைட்டு தரும் பகுதியமுக்கத்துக்கு இங்கே 6.3% வேண்டும். கண்டிக்கு 5.3%. மாற்றாமல் விட்டால் நுவரெலியாவில் ஊடகத்தின் பிஎச் 0.1 கூடும். ஆனால் உடனே போய்ப் பொத்தானைத் திருப்பாதீர்கள். வெப்பக் கடத்தல் உணரி கொண்ட இன்கியூபேட்டர் நூற்றுவீதத்தை அளக்கும். அகச்சிவப்பு உணரி பகுதியமுக்கத்தைச் சார்ந்தது, கடல் மட்டத்தில் அளவுதிருத்தி வந்திருந்தால் 5% என்று காட்டும்போதே தேவையானது உள்ளே இருக்கலாம். நம்பத்தக்க வழி ஒன்றுதான்: மூடி தளர்த்திய குடுவையில் ஊடகத்தை ஓரிரவு உள்ளே வைத்து, எடுத்த கையோடு பிஎச் அளந்து, 7.2–7.4க்கு வரும்வரை அமைப்பை மாற்றுவது. ஒரு மணிநேரத் தூண்டலுக்கு இதெல்லாம் வேண்டாம். 20–25 மில்லிமோலார் ஹெப்பெஸ் (பிஎச்சை நிலையாக வைக்கும் பொருள்) சேர்த்து வோட்டர் பாத்தில் செய்யலாம்.

கலம் பிரிப்பதிலும் குளிர் விளையாடும். 1.077 அடர்த்தி ஃபைக்கோல் (கலங்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) 18–20 பாகைக்கானது. குளிர்ந்தால் செங்கலம் திரண்டு இறங்கத் தாமதிக்கும், இடைப்படையில் செங்கலமும் நடுநிலைநாடியும் கலந்துவரும், ஒற்றைக்குழியம் என்று நினைத்ததில் பாதி வேறாக இருக்கும். பல மையநீக்கிகளுக்குக் குளிரூட்டத்தான் தெரியும், சூடாக்கத் தெரியாது. 20 என்று அமைத்துவிட்டு வெறுமையாக அரை மணிநேரம் ஓடவிட்டால் உராய்வில் சூடேறும். பிறகு 400 ஜி, 30 நிமிடம், பிரேக் இல்லாமல்.

குருதியைக் கீழே அனுப்புவதாக இருந்தால், ரம்பொடை மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வரும் இரண்டரை மூன்று மணிநேரமும் தூண்டல்தான். ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் வைக்காதீர்கள்; 20 பாகைக்குக் கொண்டுவந்த ஜெல் பைகளை வைத்து, குழாய்களை நிமிர்த்தி இறுக்குங்கள். வாங்கியை மட்டும் அளப்பதென்றால் குருதி எடுத்த இடத்திலேயே ஒரு மணிநேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து, 200 மைக்ரோலீற்றர் பங்குகளாக உறைய வைத்து அனுப்புவது மேல். எல்லா நிலையங்களும் ஒரே வகைக் குழாய் பாவிக்க வேண்டும். ஈடிடிஏ குழாய் நாகத்தையும் கல்சியத்தையும் பறித்து வெட்டலை அடக்கும், ஹெப்பரின் குழாயில் அது தொடரும், சீரக் குழாயில் உறைவே கலங்களைத் தூண்டும். ஒரே ஆளின் கையிலிருந்து மூன்று குழாயிலும் எடுத்து, 0, 1, 3 மணிநேரத்தில் பிரித்து ஒரே தட்டில் போட்டுப் பாருங்கள். உங்கள் பாதையில் எத்தனை வீதம் வழியிலேயே கழல்கிறது என்பது அந்த ஒரு தட்டில் தெரியும்.